சுட்ட கோழியைச் சோதித்து வாங்குவது எப்படி?

அமெரிக்காவுக்குக் குடிவந்த தமிழர் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று: பிள்ளைகளுக்கான பள்ளி மாவட்டம், மருத்துவக் காப்பீடு, மளிகைக்கடைச் சுட்ட கோழி. முதல் இரண்டுக்கும் வழிகாட்ட ஆளிருக்கிறது. தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவில் யாரிடம் வாயைக் கொடுத்தாலும் கையில் இருக்கும் வடை ஆறிப்போகும்வரை சொல்வார்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோம், கைக்கு எட்டிய பெட்டியைத் தூக்கிப் போடுகிறோம், வீட்டுக்கு வந்து நெஞ்சுக்கறியை மென்றபடி இந்த நாட்டில் எதற்குமே ருசி இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறோம். நாட்டின் மேல் குற்றமில்லை. நமக்குத்தான் பயிற்சி போதவில்லை.

அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியூஜெர்சியில் ஒரு கடையில், கோழிப் பெட்டிகளின் முன்னால் நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துப் பாதுகாவலர் அருகே வந்து "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று விசாரித்திருக்கிறார். அவர் உதவும் எண்ணத்தில் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தத் துறையில் இன்னும் வழங்கப்படவில்லை.

பொருள் இன்னது

நம் ஊரில் சாயங்காலமானால் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்குமே கிரில் சிக்கன், அதற்கு இங்கே ரொட்டிசெரி சிக்கன் என்று பெயர். வித்தை ஒன்றுதான். கோழி சுற்றச் சுற்ற, உருகும் கொழுப்பும் கசியும் சாறும் உடனே கீழே சொட்டிவிடாமல் தோலின் மேலேயே உருண்டு ஓடுகின்றன. தனக்குத் தானே எண்ணெய் பூசிக்கொள்ளும் கோழி அது. (இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்தக் கம்பியைச் சுற்றுவதற்கென்றே ஒரு குட்டைக்கால் நாய் இனத்தை வளர்த்து, சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் ஓடவிட்டார்கள். இயந்திரம் வந்ததும் அந்த இனமே அற்றுப்போயிற்று. இறைச்சி வேகும் வாசனையைப் பிடித்துக்கொண்டே ஓடி, கடைசியில் எலும்பு மட்டும் பெற்ற நாய்களை நினைத்தால் எனக்கு அலுவலகம் ஞாபகம் வரும். அதை இங்கே பேசவேண்டாம்.)

வேறுபாடு விற்கும் விதத்தில் இருக்கிறது. ஊரில் கோழி நம் கண் முன்னே சுற்றுகிறது. கடைக்காரர் கம்பியிலிருந்து உருவி, நமக்கு எதிரிலேயே நான்காக வெட்டி, குபூஸும் மயோனைஸும் வைத்துக் கட்டித் தருகிறார். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததுகூட நினைவிருக்கும். சந்தேகப்பட வேண்டியது அங்கே வெளிப்படையாகவே பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. இங்கே அந்த வசதி கிடையாது. வெந்து முடிந்த கோழி, கால் கட்டப்பட்டு, பிளாஸ்டிக் பெட்டியிலோ பையிலோ அடைபட்டு, விளக்குச் சூட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கலை முழுவதும் மூடியைத் திறக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் கலைதான். மூடியைத் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக இந்தக் கையேடு எழுதப்படவில்லை. அவர்களுக்காகத்தான் பாதுகாவலர் இருக்கிறார்.

விலையைக் கண்டு மயங்கவேண்டாம்

அமெரிக்க வீட்டு இரவுச் சாப்பாட்டில் இந்தக் கோழியைக் கொண்டுவந்து வைத்ததில் பாஸ்டன் சிக்கன் என்ற உணவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1985-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டனில் தொடங்கினார்கள். 1995-ல் பாஸ்டன் மார்க்கெட் என்று பெயரை மாற்றினார்கள். 1998-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். மளிகைக்கடைகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், என் கணிப்பில், இதுதான்: கோழியை விற்றுப் பிழைக்கக் கூடாது, கோழியைக் காட்டிப் பிழைக்கவேண்டும்.

இதில் கரைகண்டது காஸ்ட்கோ என்ற பெருங்கடை. அங்கே ஒரு கோழி 4.99 டாலர். எத்தனையோ ஆண்டுகளாக அதே விலை. இதை ஏற்றாமல் வைத்திருப்பதற்காக ஆண்டுக்கு 3 கோடியிலிருந்து 4 கோடி டாலர் வரை விட்டுக்கொடுக்கிறோம் என்று 2015-ல் அதன் நிதித் தலைவர் ரிச்சர்ட் கலான்டி முதலீட்டாளர்களிடமே சொன்னார். 2019-ல் நெப்ராஸ்கா மாநிலத்து ஃபிரீமாண்டில் தங்களுக்கென்றே ஒரு கோழி ஆலையைத் திறந்தார்கள். 2023-ல் விற்ற கோழிகள் 13 கோடியே 70 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படியான தமிழ்நாட்டு மக்கள்தொகைக்குப் பங்கு பிரித்தால், கைக்குழந்தை உட்படத் தலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு கோழி வரும். சைவர்களின் பங்கை யார் எடுத்துக்கொள்வது என்பதை அவரவர் வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கோழி கடையின் கடைக்கோடியில் இருக்கும். தொலைக்காட்சி, மெத்தை, பாதாம் மூட்டை, கயாக் படகு எல்லாவற்றையும் கடந்துதான் அதை அடையமுடியும். அதனால்தான் சொல்கிறேன்: 4.99 என்பது கோழியின் விலை என்று நினைக்காதீர்கள். அசல் விலையில் அவர்கள் விட்டுக்கொடுக்கும் மீதிப் பணம், நீங்கள் அவ்வளவு தூரம் நடந்துவருவதற்காகக் கடை உங்களுக்குக் கொடுக்கும் கூலி. பல கடைகளில் வேகாத முழுக்கோழிக்கு இதைவிட அதிக விலை. கழுவி, மசாலா தடவி, சுட்டு, கட்டிக் கொடுத்தால் விலை குறையும் ஒரே இடம் பூமியில் இதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கோழியைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம், தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடவும் வேண்டாம்.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே புதைத்துவிடலாம். கெட்டுப்போகப் போகிற கோழியைத்தான் சுட்டு விற்கிறார்கள் என்று சொல்லாத தமிழர் இல்லை. பெரிய கடைகளுக்கு இந்தக் கோழிகள் இதற்கென்றே தனியாக வருகின்றன. உப்புநீர் ஏற்றி, காலைக் கட்டி, ஒரே அளவில். சந்தேகப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது, கீழே வருகிறேன்.

நேரம்

இப்போது காரியத்துக்கு வருவோம். கடைக்குள் நுழைந்து சூடுபெட்டியின் முன் நின்றதும் உங்கள் கண் கோழியின் மேல் போகும். போகவிடாதீர்கள். நிறத்தைப் பாராதே, சீட்டைப் பார் என்பதே முதல் விதி, ஏறக்குறைய ஒரே விதி. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருக்க, அவர்களை விட்டுவிட்டுப் பிறந்த நேரத்தைக் கேட்டு வாங்கிய குலம் நாம். அந்தப் பழக்கம் முழுதாகப் பயன்படும் ஒரே இடம் இது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பல கடைகள் கோழி அடுப்பை விட்டு வெளியே வந்த நேரத்தையோ, எந்த நேரத்துக்குள் விற்கவேண்டும் என்பதையோ அச்சடித்திருக்கும். முன்வரிசைக் கோழி மூத்தது, பின்வரிசைக் கோழி இளையது என்பது பொதுவான கணக்கு. ஆனால் அதை நம்பிக் கையை உள்ளே விடுமுன் இரண்டு சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன் வந்தவரும் தமிழராக இருந்திருக்கலாம். வரிசையைக் கலைத்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த நேரம் ஏன் முக்கியம்? கோழி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று அமெரிக்க வேளாண்துறை சொல்கிறது. அதன் பிறகு சூட்டில் வைத்திருக்கும்வரை 140 டிகிரிக்கு, நம் கணக்கில் 60-க்கு, குறையக்கூடாது என்பதும் அதன் அறிவுரை. அந்த 60 டிகிரியில் கிருமி பெருகாது. ஆனால் கறி சும்மா இருக்காது. ஒவ்வொரு நிமிடமும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்து அரை மணி நேரம் ஆன கோழியும் இரண்டு மணி நேரம் ஆன கோழியும் ஒரே பண்ணையில் பிறந்து ஒரே அடுப்பில் வெந்திருந்தாலும் சாப்பிடும்போது தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

ஆகவே நீங்கள் போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வேலை முடிந்து கூட்டம் வரும் மாலை நேரத்தில் அடுப்பும் ஓயாது, சூடுபெட்டியும் நிறையாது. கோழி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ராகுகாலம் பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறுவரை கஷ்டப்படுவார்கள். அவர்களுக்காக வருந்துகிறேன், நல்ல கோழி அப்போதுதான் வரும். கடை மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் போய்த் தனியாக மிச்சமிருக்கும் கோழியை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். அதை ஊழியர்கள் எடுத்துப் பிய்த்து, சிக்கன் சாலட்டாகவோ சூப்பாகவோ மறுபிறவி கொடுப்பார்கள். அதன் போக்கில் விடுங்கள்.

ஆறியதும் குளிர்பெட்டிக்குப் போகும் கோழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நியூஜெர்சியில் மளிகைச் சாமானுக்கு விற்பனை வரி கிடையாது. ஆனால் சூடாக விற்கும் சாப்பாட்டுக்கு 6.625 சதவீதம் உண்டு. 4.99 டாலர் கோழிக்கு 33 சென்ட். அதாவது கோழிக்கு வரி இல்லை, சூட்டுக்குத்தான் வரி. வேடிக்கை இதோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஏழைகளுக்கு அரசு தரும் ஸ்னாப் உணவு உதவி அட்டையில் சூடான உணவு வாங்கக்கூடாது என்பது நாடு முழுவதும் உள்ள விதி. அதே கோழி ஆறி விறைத்த பிறகு அதே அட்டையில் வாங்கலாம். சூட்டோடு வாங்க அனுமதிக்கவேண்டும் என்று 2025-ல் செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதன் பெயரே சூடான ரொட்டிசெரி சிக்கன் சட்டம். வேலை முடிந்து களைத்து வரும் ஒரு தாய் சுடச்சுட ஒரு கோழி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மேலவையில் மசோதா வேண்டியிருக்கிறது. தரம் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தால் கோழியோடு நிற்காது என்பதற்காகச் சொன்னேன்.

கனமும் உருவமும்

நேரம் ஒத்துவந்த இரண்டு மூன்று கோழிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இனிக் கையில் எடுங்கள். கைக்கொன்றாக. கண்ணை மூடிக்கொண்டால் அனுபவசாலி என்று சுற்றி நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கனமான கோழியில் கறியும் இருக்கும், ஈரமும் இருக்கும். காஸ்ட்கோக் கோழி 3 பவுண்டு, ஏறக்குறைய 1.36 கிலோ, கணக்குப் போட்டால் கிலோ 3 டாலர் 67 சென்ட். வேறு கடைகளில் இரண்டு பவுண்டைச் சற்றுத் தாண்டிய கோழியையே அதைவிட அதிக விலைக்கு வைத்திருப்பார்கள். பெட்டியில் பொடி எழுத்தில் எடை போட்டிருக்கும். அதைப் படிக்க மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவும்.

பிறகு உருவம். காலின் நுனியைப் பாருங்கள். தோலும் கறியும் மேலே சுருங்கி ஏறி, எலும்பு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோழி அடுப்பில் அதிகம் நின்றது, அல்லது விளக்கடியில் அதிகம் உட்கார்ந்தது. நெஞ்சின் மேல் தோல் இறுகி மினுமினுத்தால் நல்லது. குழிவிழுந்து சுருங்கிப்போயிருந்தால் வைத்துவிடுங்கள். பெட்டியின் அடியில் கொஞ்சம் சாறு தேங்கியிருப்பது நல்ல அடையாளம். குளம் கட்டியிருந்தால், உள்ளே இருக்கவேண்டியது வெளியே வந்துவிட்டது என்று பொருள். மூடியின் உட்புறம் நீராவி பூத்திருந்தால் கோழி சமீபத்தில்தான் பெட்டிக்குள் போயிருக்கிறது. ஆனால் அந்த நீராவியே தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். மொறுமொறுத் தோலும் மூடிய பெட்டியும் ஒன்றாக வாழமுடியாது. வாழ்வதாகப் படம் போட்டு விளம்பரம் செய்பவர்களை நம்பவேண்டாம். காஸ்ட்கோ 2024-ல் பெட்டியை விட்டுப் பைக்கு மாறியது. பிளாஸ்டிக் குறைந்தது என்று கம்பெனி மகிழ்ந்தது. காரின் பின்னிருக்கையில் சாறு கொட்டியவர்கள் மகிழவில்லை.

நெஞ்சு மிகவும் புடைத்திருந்தால் மகிழாதீர்கள். ஆறேழு வாரத்தில் சந்தைக்கு வரும்படி வளர்க்கப்படும் பிராய்லர் கோழிகளில் சிலவற்றுக்கு நெஞ்சுச் சதை கட்டை தட்டிப்போகும். வெந்த பிறகும் அது மரத்துப்போய், பல்லில் நெறுநெறுக்கும். சதையின் ஓட்டத்தோடு வெள்ளை வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது கொழுப்பும் இணைப்புத் திசுவும். இரண்டாலும் உடம்புக்குக் கேடு இல்லை, வாய்க்குத்தான் கேடு. மூடிய பெட்டியில் இது தெரியாது. ஆகவே நெஞ்சு மட்டும் பெருத்து, காலும் தொடையும் அதற்குச் சம்பந்தமில்லாமல் மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்; அளவான உடம்புக்காரரே நம்பத் தகுந்தவர்.

எலும்பையொட்டிக் கறி இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று கோழியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. இளம் கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிவது இயல்பு. வெந்ததா இல்லையா என்பதற்கு வெப்பமானிதான் சாட்சி, நிறம் இல்லை.

உப்புநீர்

இந்தக் கோழி நாவில் வைத்ததும் ருசியாக இருக்கிறதே, வீட்டில் நாம் சுட்டால் இப்படி வருவதில்லையே என்று வியக்கிறீர்களா? ஊசி. ஆலையிலேயே உப்பும் சோடியம் பாஸ்பேட்டும் சர்க்கரையும் கலந்த நீரை நெஞ்சுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பாஸ்பேட்டின் வேலை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. காஸ்ட்கோக் கோழியில் 85 கிராம் கறிக்கு 460 மில்லிகிராம் சோடியம். நாளொன்றுக்கு 2,300-க்கு மேல் போகாதே என்று அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. வகுத்துப் பாருங்கள்: 425 கிராம் கறியில் அன்றைய கணக்கு முடிந்தது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகிய நம் தனிக்கணக்குகள் இதில் சேரவில்லை.

உப்புநீர் அளவு மீறிய கோழியைக் கண்டுபிடிக்க வழி உண்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான். நெஞ்சுக்கறியைக் கையால் பிய்க்கும்போது நார்நாராகப் பிரியவேண்டும். வழுவழுவென்று கத்தியால் அறுத்த துண்டாகக் கழன்று வந்தால் நீங்கள் தின்பது பாதி கோழி, பாதி தண்ணீர். அந்தக் கடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சேர்மானப் பட்டியல் கோழியின் பெயரில் தொடங்கி, ஒரு கடல்பாசிப் பொருளைத் தொட்டு, மாவுச்சத்தில் முடிந்தால் திடுக்கிடவேண்டாம். படித்துவிட்டு உங்களால் அதைத் திரும்ப வைக்கமுடிகிறதா என்பதுதான் சோதனை. என்னால் முடிந்ததில்லை.

கதவு முன் நடந்துகொள்ளும் முறை

அமெரிக்கர்கள் வரிசை தப்பாதவர்கள் என்பது அடுப்பின் கதவு திறக்கும்வரைதான் உண்மை. ஊழியர் கம்பிகளை உருவ ஆரம்பித்ததும் எல்லோரும் பக்கத்து அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நெருங்குவார்கள். நீங்களும் நெருங்குங்கள். ஊழியரிடம் வணக்கம் சொல்லுங்கள், வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள், எந்தக் கோழி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் நாள் முழுவதும் அவற்றோடு நிற்கிறார். எதுவும் நல்லதாகத் தெரியாது.

எத்தனை வாங்கலாம்? 2022-ல் பிலடெல்பியாவில் ஓர் இளைஞர் தொடர்ந்து நாற்பது நாள், நாளுக்கு ஒரு முழுக்கோழி என்று தின்றார். நாற்பதாவது கோழியை நவம்பர் 6 அன்று கைவிடப்பட்ட படகுத்துறை ஒன்றில் உட்கார்ந்து தின்னப்போவதாக ஊரெல்லாம் துண்டறிக்கை ஒட்டினார். இது விருந்து அல்ல என்றும் அதிலேயே எச்சரித்திருந்தார். கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. இந்த நாட்டில் இந்தக் கோழியின் மேல் நடந்த ஆய்வுகளில் இதுவே மிக நீண்டது என்பது என் எண்ணம். இருந்தும் தரத்தைப் பற்றி அவர் விரிவாக எதுவும் எழுதிவைக்காதது ஈடுசெய்யமுடியாத இழப்பு. நமக்கு ஒன்று போதும். வீட்டில் ஆள் அதிகம் என்றால் இரண்டு.

வீட்டு நீதிமன்றம்

கடையில் நீங்கள் செய்த ஆராய்ச்சி எல்லாம் வீட்டு வாசலோடு சரி. அங்கே வேறு நீதிபதி இருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த என் மாமியார் முதல் கோழியைப் பெட்டியோடு முகர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல மஞ்சளே போடலையா?"

"இல்லீங்க அத்தை. இங்க போடமாட்டாங்க."

"அப்ப கவிச்சி எப்படிப் போகும்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோழியைப் புரட்டி வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "ஈரலு எங்க? கழுத்து எங்க? குடலு வேணாம்னு விட்டுறலாம், ஈரலைக்கூடவா வச்சுக்கிட்டானுங்க?" பவுண்டுக் கணக்கும் நேரச் சீட்டும் அந்தக் கேள்வியின் முன் நிற்கவில்லை. ஒரு தொடையைப் பிய்த்து மென்றார். "காலு நல்லாத்தான் இருக்கு. மத்ததை இப்பிடியே தின்னா தொண்டையில இறங்காது. குடுங்க இங்க."

நெஞ்சுக்கறி முழுவதையும் உதிர்த்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகைத் தட்டிப் போட்டு, இறக்கும்போது கறியைச் சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டினார். உப்புப் போடவில்லை. "அதுலயே கெடக்கு" என்றார். சோடியம் கணக்கை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

என்னுடைய ஆராய்ச்சியும் அவர் சொன்னதற்கு மேல் போகவில்லை. தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். 165-ஐத் தாண்டி இன்னும் சூடேறினாலும் அது இளகி நன்றாகத்தான் ஆகும். நெஞ்சு அந்தச் சூட்டைத் தாண்டினால் வறளும். ஒரே கம்பியில் இரண்டையும் சுட்டால் ஒன்று தோற்றுத்தான் ஆகவேண்டும், தோற்பது எப்போதும் நெஞ்சு. ஆகவே கோழியின் தரத்தை நெஞ்சை வைத்து எடைபோடுங்கள், ஆனால் தொடைக்காக வாங்குங்கள். தொடை சூடாக இருக்கும்போதே, தட்டு எடுப்பதற்கு முன்பே, சமையலறையில் நின்றபடி தின்றுவிடவேண்டும். பிள்ளைகள் கேட்டால் கடையிலேயே இப்படித்தான் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

மிஞ்சியதை என்ன செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழம்பில் போடக்கூடாது; ஏற்கெனவே வெந்தது, சக்கையாகும். பிரியாணிக்குச் சத்தியமாகக் கூடாது. மசாலா உள்ளே இறங்காது, கறி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் முகம் திருப்பிக்கொண்டிருக்கும். உறைந்த பரோட்டாவைச் சுட்டுக் கொத்தும்போது சேர்க்கலாம். அந்தச் சத்தத்தில் எந்தக் கோழியின் குறையும் கேட்காது. எலும்புக்கூட்டை எறியாதீர்கள். சீரகமும் மிளகும் இடித்துப்போட்டுக் கொதிக்கவிட்டால் சளிக்கு நல்ல சூப், அதுவும் 4.99-க்குள் அடக்கம். பெட்டியின் அடியில் தேங்கிய சாறு குளிர்பெட்டியில் கட்டியாக உறைந்து நின்றால், நீங்கள் வாங்கியது நல்ல கோழி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாப்பிட்டு முடித்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்து, கோழியை மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். சூட்டிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள், கோடைகாலத்தில் வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள், கறியை எலும்பிலிருந்து பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். அங்கே மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் இருக்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் எவ்வளவு மிளகு தட்டினாலும் தேறாது, குப்பையில் போட்டுவிடுங்கள்.